இந்திய அரசியல் விவாதத்தில் ‘சமதர்மம்’: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

முன்னுரை

அரசியல் வழக்கில் நெடுங்காலம் நின்று நிலவும் சொற்கள் சில, தம் பொருள் வரையறுக்கப்பெறாமலேயே வாழ்ந்துவிடுகின்றன. ‘சோசலிசம்’ என்பது அவற்றுள் தலையாயது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே மேடையில் இச்சொல்லைத் தமக்கு உரியதாகக் கொண்டாடியதுண்டு. அதே சொல்லை வசையாகப் பயன்படுத்தியதும் உண்டு. அரசு நடத்தும் தொழிற்சாலை, உரிமம் வழங்கும் அலுவலகம், இலவச உதவித் திட்டம், தனியார் சொத்துப் பறிப்பு, சோவியத் ஆட்சிமுறை ஆகிய யாவும் இவ்வொரு சொல்லால் சுட்டப்பட்டு வந்துள்ளன. இவற்றுள் எது சோசலிசம், எது சோசலிசத்தை அடையும் வழி, எது அதனோடு தொடர்பற்றது என்னும் வேறுபாடு பெரும்பாலும் பேணப்படவில்லை. இந்திய அரசியல் வரலாற்றில் இச்சொல் பெற்ற பொருள்களையும், அப்பொருள்கள் ஒன்றோடொன்று மயங்கிய சூழல்களையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லாக்கமும் பொருள் அழுத்தமும்

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கிற்கு வந்த இச்சொல், இந்திய மொழிகளில் ஒரே தன்மையான பெயர்ப்பைப் பெறவில்லை. இந்தியில் ‘சமாஜ்வாத்’ எனவும் வங்காளியில் ‘சமாஜ்தந்த்ர’ எனவும் சமூகத்தை முன்னிறுத்தி அமைந்தது. மலையாளத்தில் ‘ஸ்திதிசமத்வம்’ என்னும் சொல், நிலைமையின் சமன்மையைச் சுட்டியது. தமிழில் ‘சமதர்மம்’ என்னும் ஆக்கம் நிலைபெற்றது. இதில் உடைமை பற்றிய குறிப்பே இல்லை. சமன்மையும் அறமுமே உள்ளன. உடைமையை வெளிப்படையாகச் சுட்டும் ‘பொதுவுடைமை’ என்னும் சொல் கம்யூனிசத்திற்கு உரியதாயிற்று. எனினும் 1930களில் இவ்வெல்லை உறுதியாக வகுக்கப்பெறவில்லை. மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழ்ப் பெயர்ப்பு 1931இல் ‘குடிஅரசு’ இதழில் வெளிவரத் தொடங்கியபோது, அது ‘சமதர்ம அறிக்கை’ என்றே பெயரிடப்பட்டமை இதற்குச் சான்றாகும்.

பெரியார் 1932இல் சோவியத் நாட்டுப் பயணத்தை முடித்துத் திரும்பியபின், ம. சிங்காரவேலரின் துணையோடு ஈரோட்டில் வகுக்கப்பெற்ற வேலைத்திட்டம் இச்சொல்லுக்குத் தமிழகத்தில் தனித்ததொரு பொருளை வழங்கியது. செல்வ ஏற்றத்தாழ்வோடு பிறப்பின் வழிப்பட்ட ஏற்றத்தாழ்வும் ஒழிந்தாலன்றிச் சமதர்மம் நிறைவுறாது என்பது அதன் உட்கிடை. பொதுவுரிமை இல்லாத சமூகத்தில் பொதுவுடைமை மட்டும் வந்தால் அதன் பயனும் மேற்சாதியினரையே சேரும் எனப் பெரியார் பின்னர் வாதிட்டார். வடஇந்தியாவில் ராம் மனோகர் லோகியா வேறு வழியில் இதனை ஒத்த கருத்திற்கு வந்து, பிற்படுத்தப்பட்டோர்க்குத் தனி வாய்ப்பு வேண்டினார். எனவே, சோசலிசம் என்பது பொருளாதாரம் மட்டுமே சார்ந்த கொள்கை எனக் கொள்வது இந்திய வரலாற்றிற்குப் பொருந்தாது எனலாம்.

திட்டமிடலும் அரசுடைமையும்

அரசு நடத்துவதெல்லாம் சோசலிசம் என்பது பரவலான மயக்கங்களுள் முதலாவது. இந்தியாவின் பெரிய இருப்புப்பாதைகள் சிலவற்றை 1920களில் நேரடி நிருவாகத்தின் கீழ்க் கொண்டுவந்தது பிரித்தானியக் குடியேற்ற அரசாகும். அதனைச் சோசலிச அரசு என எவரும் கருதியதில்லை. அவ்வாறே, 1944இல் ஜே.ஆர்.டி. டாட்டா, ஜி.டி. பிர்லா உள்ளிட்ட தொழிலதிபர்கள் வெளியிட்ட ‘பம்பாய்த் திட்டம்’ பதினைந்து ஆண்டுகளில் ரூ.10,000 கோடி முதலீட்டையும், அரசின் விரிந்த தலையீட்டையும் வேண்டியது. உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதுகாப்பும், தனியாரால் திரட்ட இயலாத முதலும் தேவைப்பட்டமையால் முதலாளிகளே அரசுத் திட்டமிடலை வரவேற்றனர். ஆகவே திட்டமிடலும் அரசுடைமையும் கருவிகளே என்பதும், அவை யாருடைய நலனுக்காக, யாருடைய கட்டுப்பாட்டில் இயங்குகின்றன என்பதே அவற்றின் தன்மையை முடிவு செய்யும் என்பதும் பெறப்படும்.

காங்கிரசுக்குள் இவ்வேறுபாடு உணரப்பட்டிருந்தது. 1931ஆம் ஆண்டுக் கராச்சி மாநாட்டுத் தீர்மானம் முதன்மைத் தொழில்கள், கனிவளம், இருப்புப்பாதை முதலியவற்றை அரசு உடைமையாகக் கொள்ளும் அல்லது கட்டுப்படுத்தும் என்றது. அதே தீர்மானம் வாழ்க்கைக்குப் போதிய ஊதியம், தொழிற்சங்க உரிமை ஆகியவற்றையும் உடன் வைத்தது. 1934இல் ஜெயப்பிரகாஷ் நாராயண், ஆச்சார்ய நரேந்திர தேவ், மினு மசானி முதலியோர் தோற்றுவித்த காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சி இதனினும் மேற்சென்றது. இம்மூவருள் இருவரின் பிற்கால வரலாறு நோக்கத்தக்கது. சோவியத் நாட்டின் சர்வாதிகாரத்தைக் கண்டு மனம் மாறிய மசானி, 1944இல் சோசலிசத்தை மறுஆய்வு செய்து நூலெழுதினார். 1959இல் சுதந்திராக் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரானார். ஜெயப்பிரகாஷ் நாராயணோ 1950களில் கட்சி அரசியலை விடுத்துச் சர்வோதய இயக்கத்திற்குச் சென்றார். அரசிடம் அதிகாரம் குவிவது சமன்மையைத் தருமா என்னும் ஐயம் சோசலிசத்தின் பகைவரிடம் மட்டுமன்றி, அதன் முன்னோடிகளிடமும் எழுந்தது என்பதை இது காட்டும்.

அரசமைப்பு அவையில் எழுந்த வழக்கு

1948 நவம்பர் 15ஆம் நாள், பொருளியல் அறிஞர் கே.டி. ஷா அரசமைப்பு அவையில் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். இந்தியா சமயச்சார்பற்ற, கூட்டாட்சித் தன்மையுடைய, சோசலிச ஒன்றியம் என முதல் உறுப்பிலேயே குறிக்கப்பெற வேண்டும் என்பது அது. வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. அவர் காட்டிய காரணங்கள் இரண்டு. சமூகத்தின் பொருளாதார அமைப்பு எவ்வாறிருக்க வேண்டும் என்பதைக் காலத்திற்கும் சூழலுக்கும் ஏற்ப மக்களே முடிவு செய்ய வேண்டும். அதனை அரசமைப்பில் கட்டிவைப்பது மக்களாட்சிக்குக் கேடாகும் என்பது முதலாவது. வாழ்வாதார உரிமை, வளங்களின் பொதுநலப் பங்கீடு, செல்வக் குவிப்புத் தடை, சம வேலைக்குச் சம ஊதியம் ஆகியவை வழிகாட்டு நெறிகளில் ஏற்கெனவே இடம்பெற்றிருப்பதால் திருத்தம் மிகையானது என்பது இரண்டாவது. திருத்தம் தோற்றது.

இதனைக் கொண்டு அம்பேத்கரைச் சோசலிச எதிர்ப்பாளர் எனக் கூறுவாருளர். அது பொருந்தாது. 1947இல் அவர் எழுதிய ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ என்னும் விண்ணப்பம், முதன்மைத் தொழில்களும் காப்பீடும் வேளாண் நிலமும் அரசுடைமையாதல் வேண்டும் என்றது. சாதி வேறுபாடின்றி நிலம் குத்தகைக்கு வழங்கப்பெற வேண்டும் எனவும், இவ்வேற்பாடு நாடாளுமன்றப் பெரும்பான்மையால் மாற்ற இயலாதவாறு அரசமைப்பிலேயே இடம்பெற வேண்டும் எனவும் அது வற்புறுத்தியது. ஓராண்டிற்குப்பின் அவர் கொண்ட நிலைப்பாடு இதற்கு மாறானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், மாற்றம் நிகழ்ந்தது குறிக்கோளிலன்று. அக்குறிக்கோளை அரசமைப்பால் நிலைப்படுத்துவதா, மக்களின் தேர்வுக்கு விடுவதா என்னும் முறையிலேயாகும். 1948ஆம் ஆண்டு விவாதத்தில் இரு தரப்பாரும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதில் உடன்பட்டிருந்தனர். பெயர்ச்சொல் வேண்டுமா என்பதே அங்கு வழக்காக இருந்தது.

ஆவடியும் அதன் எதிரொலியும்

1955 சனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் யு.என். தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, உற்பத்திக்குரிய முதன்மைச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ அமையும் ‘சோசலிச மாதிரிச் சமுதாயம்’ தன் குறிக்கோள் என அறிவித்தது. ‘சோசலிசம்’ என்னாது ‘சோசலிச மாதிரி’ என்றமைத்தது தற்செயலன்று. நிலவுடைமையாளரையும் தொழிலதிபரையும் தன்னுள் கொண்டிருந்த ஒரு பேரியக்கம், அனைவரையும் உடன்கொண்டு செல்வதற்கு இந்நெகிழ்ச்சி உதவிற்று. 1956 ஏப்ரல் 30ஆம் நாளின் தொழிற்கொள்கைத் தீர்மானம் 17 தொழில்களை அரசின் முழுப் பொறுப்பிலும், 12 தொழில்களை அரசு படிப்படியாக முன்னேறும் துறையிலும் வைத்து, எஞ்சியவற்றைத் தனியாருக்கு விட்டது. இது கலப்புப் பொருளாதாரமேயன்றிச் சோசலிசம் அன்று எனக் கம்யூனிஸ்டுகள் குறை கூறினர்.

எதிர்த்திசையில் எழுந்த குரல் இராஜாஜியுடையது. 1959 சனவரியில் நாகபுரிக் காங்கிரஸ் கூட்டுறவு வேளாண்மையைப் பரிந்துரைத்தபோது, உழவரின் நிலம் பறிபோகும் என்னும் அச்சம் பரவியது. அவ்வாண்டே சுதந்திராக் கட்சி சென்னையில் தோன்றிற்று. ‘பர்மிட், லைசென்ஸ் ராஜ்யம்’ என இராஜாஜி சாடியது உரிமம் வழங்கும் அதிகாரிக்கும், அவ்வுரிமத்தைப் பெறும் பெருந்தொழிலதிபருக்கும், இருவரிடமும் பயன்பெறும் ஆளுங்கட்சிக்கும் இடையே வளர்ந்த உறவையேயாகும். இக்கண்டனத்தில் உண்மை இருந்தது. ஆயினும், அது சுட்டிய குறை சமன்மைக் கொள்கையின் விளைவன்று. போட்டியிலிருந்து சில நிறுவனங்களுக்குக் காப்பளித்த உரிம முறையின் விளைவாகும். உரிம ஆட்சியையே சோசலிசம் என ஆளுங்கட்சி பெயரிட்டது. எதிர்க்கட்சி அப்பெயரை ஏற்றுக்கொண்டு எதிர்த்தது. இவ்வாறு இரு தரப்பும் சேர்ந்தே ஒரு பிழையான சமன்பாட்டை நிலைநிறுத்தின எனலாம்.

1976: சொல் நுழைந்த காலம்

முகப்புரையில் ‘சோசலிச’ என்னும் அடைமொழி 1976ஆம் ஆண்டு 42ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பெற்றது. நெருக்கடி நிலை நிலவிய காலம் அது. சோசலிச இயக்கத்தின் மூத்த தலைவர்களான மது லிமாயி, மது தண்டவதே, ஜார்ஜ் பெர்னாண்டஸ் முதலியோர் சிறையிலிருந்தபோதே நாட்டின் முகப்புரை சோசலிசத்தை ஏற்றது. இம்முரண், சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே ஏற்பட்டிருந்த இடைவெளியைத் தெளிவுறக் காட்டுகிறது.

பின்னர் ஆட்சிக்கு வந்த சனதா அரசு இடைவெளியை நிரப்ப முயன்றது. 1978இல் அது கொண்டுவந்த 45ஆம் திருத்த முன்வரைவு, ‘சோசலிச’ என்பதற்குச் சமூக, அரசியல், பொருளாதாரச் சுரண்டல்கள் அனைத்தினின்றும் விடுபட்ட நிலை என விளக்கம் தந்தது. மக்களவை ஏற்ற இவ்விளக்கத்தை மாநிலங்களவை ஏற்கவில்லை. எஞ்சிய பகுதிகளே 44ஆம் திருத்தமாக நிறைவேறின. சொல் நின்றது, விளக்கம் நீங்கியது. 1989இல் நடைமுறைக்கு வந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, பதிவு பெற விழையும் ஒவ்வொரு கட்சியும் சோசலிசக் கொள்கைக்குப் பற்றுறுதி கூற வேண்டும் என்றது. இரண்டாண்டுகளில், 1991 சூலையில், புதிய தொழிற்கொள்கை உரிம முறையைப் பெரும்பாலும் நீக்கிற்று. தாராளமயத்தை ஆதரிக்கும் கட்சியும் எதிர்க்கும் கட்சியும் ஒரே உறுதிமொழியைத் தந்து பதிவு பெறும் நிலை இதனால் உருவாயிற்று.

நீதிமன்றம் தந்த பொருள்

சட்டமன்றம் வரையறுக்காத சொல்லை நீதிமன்றம் வரையறுக்க நேர்ந்தது. ஓய்வூதியம் பற்றிய நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், உழைக்கும் மக்களுக்குக் கண்ணியமான வாழ்க்கைத் தரமும் வாழ்நாள் முழுதும் பாதுகாப்பும் அளிப்பதே சோசலிசத்தின் அடிப்படை என்றது. 2024 நவம்பர் 5ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு, தனியார் சொத்து யாவும் 39(ஆ) உறுப்பு கூறும் சமூகத்தின் பொருள்வளங்களாகிவிடா என்றது. அம்மாதம் 25ஆம் நாள், முகப்புரையிலிருந்து இச்சொல்லை நீக்கக் கோரிய மனுக்களைத் தள்ளிய அமர்வு, இந்தியச் சூழலில் சோசலிசம் என்பது நலவாழ்வு அரசையும் வாய்ப்பின் சமன்மையையும் குறிக்கும் எனவும், தனியார் தொழில் முயற்சியை அது தடுப்பதன்று எனவும் தெளிவுபடுத்தியது.

இவ்விளக்கம் மயக்கத்தை ஒருபுறம் தீர்க்கிறது. மறுபுறம் புதியதொரு வினாவை எழுப்புகிறது. நலவாழ்வு அரசு விளைந்த செல்வத்தைப் பின்னர்ப் பங்கிடுகிறது. செல்வம் விளையும் இடத்திலேயே உழைப்பவர்க்கு உரிமையும் குரலும் வேண்டும் என்பது சோசலிச மரபின் பழைய கோரிக்கை. இரண்டையும் ஒன்றாகக் கொண்டால், உதவித் திட்டம் ஒவ்வொன்றும் சோசலிசம் எனப் பெயர் பெறும். உழைப்பவரின் உரிமை பற்றிய பேச்சு மறைந்துபோகும்.

முடிவுரை

சோசலிசம் என்பது ஏற்றத்தாழ்வைக் களையும் குறிக்கோள், அதற்குரிய உடைமை முறை, அதனை நடத்தும் ஆட்சி முறை என மூன்று அடுக்குகளைக் கொண்டது. இந்திய விவாதத்தில் இவை ஒன்றாகக் கலந்து பேசப்பட்டமையால், உரிம முறையின் குறைகள் சமன்மைக் கொள்கையின் மேல் ஏற்றப்பட்டன. சமன்மைக் கொள்கையின் பெருமை உரிம முறைக்குக் கவசமாக்கப்பட்டது. சமதர்மம் என்னும் தமிழ்ச்சொல் குறிக்கோளை முன்வைக்கிறது. பொதுவுடைமை என்னும் சொல் வழியை முன்வைக்கிறது. இரண்டையும் வேறுபிரித்துக் காட்ட மொழியிலேயே இடமிருந்தும் அரசியல் மேடை அவ்வாய்ப்பைப் பெரிதும் பயன்கொள்ளவில்லை. ஒரு கொள்கையை ஏற்பவரும் மறுப்பவரும், அதன் எந்த அடுக்கைக் குறித்துப் பேசுகின்றனர் என்பதை முதலில் தெளிவுபடுத்துவரேல், விவாதம் பெயரைக் கடந்து பொருளைச் சென்றடையும்.