இரணைமடுக் கட்டு கற்பிக்கும் பாடம்

செயற்கரிய முயற்சி ஒன்றைக் கண்டால் அதனைப் பகீரதப் பிரயத்தனம் என்று கூறுவது எம்மவர் வழக்கம். அவ்வாறு கூறும்போது, பல்லாண்டு சலியாது தவஞ் செய்த ஒருவனையே நாம் மனக்கண்ணாற் காண்கின்றோம். ஆயினும் அப்புராணக் கதையைச் சற்று உற்று நோக்குவோமாயின், பகீரதனுடைய பெருமை சலியாமையில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை என்பது புலனாகும். கங்கையை வேண்டிப் பிரமதேவனை நோக்கித் தவஞ் செய்தான், வரங் கிடைத்தது. ஆனால் வானினின்று விழும் நீரின் வேகத்தைப் பூமி தாங்காது என்று அறிந்தான். உடனே, முன்னர்ச் செய்ததையே திரும்பவுஞ் செய்யாது, அவ்வேகத்தைத் தாங்கவல்ல சிவபெருமானை நோக்கித் தவமிருந்தான். கங்கை சடையில் அடங்கியபோது அதனை விடுவிக்குமாறு வேண்டினான். வழியிலே சன்னு முனிவர் அதனைப் பருகிவிடவே, அவரிடஞ் சென்று இரந்து நின்றான். தடைகள் வெவ்வேறாயின; அவன் செயல்களும் வெவ்வேறாயின.

மிஷன் பாடசாலையிலே கல்வி பயின்ற நாம் சிறு வயதில் இன்னொரு கதையும் படித்தோம். தோல்வியுற்று ஒளித்திருந்த ஸ்கொத்லாந்து அரசன் புறூஸ், பலமுறை விழுந்தும் மீண்டும் மீண்டும் நூல் கட்ட முயன்ற சிலந்தியைக் கண்டு ஊக்கங் கொண்டான் என்பது அக்கதை. அதுவும் நல்ல கதையே. ஆனால் அச்சிலந்தி, நூல் ஏன் தவறிற்று என்று கேட்கவில்லை. பகீரதன் கேட்டான். “மீண்டும் முயல்க” என்பது ஒரு பாடம். “ஏன் தவறிற்று என்று கண்டு, அவ்விடத்திற் கைவைத்து முயல்க” என்பது மற்றொரு பாடம். வன்னி மண்ணின் பிள்ளைகளாகிய எமக்கு வேண்டுவது இரண்டாவது பாடமே. அதற்குச் சான்று தேடிப் பிற தேசஞ் செல்ல வேண்டியதில்லை. கிளிநொச்சிக்கு அண்மையிலுள்ள இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றாற் போதும்.

வன்னியின் தோல்வி என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது 1803-ஆம் ஆண்டு. பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், பின்னர் ஆங்கிலேயரால் முறியடிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேதான். அத்தோல்வியை நாம் விழா எடுத்து நினைவுகூருகின்றோம், அது தகும். ஆனால் அதிலும் பெரிய தோல்வி ஒன்று ஓசையின்றி நிகழ்ந்தது. அது குளங்களின் தோல்வி. வன்னி குளங்களால் வாழ்ந்த நாடு. குளமொன்று உடைந்தால் வயல் காயும். வயல் காய்ந்தால் ஊர் கலையும். 1895-ஆம் ஆண்டில் வெளிவந்த லூயிஸ் துரையின் வன்னி பற்றிய நூலைப் பார்ப்போர், பாழ்பட்ட குளங்களையும் ஆளற்றுப்போன ஊர்களையும் அதிற் காண்பர்.

இதற்குக் காரணம் யாது? போரும் குழப்பமும் ஒரு காரணம். இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியம் 1832-இல் நீக்கப்பட்டமை பிறிதொரு காரணம் என்பர் வரலாற்றாசிரியர். கட்டாய ஊழியம் கொடியது. அது நீங்கியது நன்றே. ஆயினும் அதனோடு, ஊரவர் ஒன்றுகூடிக் கட்டுக்கு மண் போடும் பழைய ஒழுங்கும் தளர்ந்துபோயிற்று. கொடுமையை நீக்கியவர்கள் அதன் இடத்திலே வேறோர் ஒழுங்கை வைக்கவில்லை. பழைய நீர்ப்பாசன வழக்கங்களை மீட்டெடுக்கும் சட்டம் வருவதற்கு 1856 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது காரணம் காய்ச்சல். ஆறும் வாய்க்காலும் வற்றும் காலத்தில் ஆங்காங்கே தேங்கி நிற்கும் தெளிந்த நீரிலே மலேரியாவைப் பரப்பும் நுளம்பு பெருகுகின்றது. காய்ச்சல் வந்தவன் மண்வெட்டி பிடிக்க மாட்டான். மண்வெட்டி பிடிக்க ஆளில்லாவிட்டால் கட்டுத் தேயும். கட்டு உடைந்தால் விளைவு குறையும், பட்டினி வரும், பட்டினி கிடந்த உடம்பைக் காய்ச்சல் எளிதிற் பற்றும். குளம் உடைந்தமையால் மக்கள் மெலிந்தனரோ, மக்கள் மெலிந்தமையாற் குளம் உடைந்ததோ என்று பிரித்துச் சொல்ல முடியாத சுழல் இது.

இச்சுழலை எங்கே வெட்டுவது? ஆட்சியாளர் முதலிற் கண்ட விடை நீர். நீர்ப்பாசனத் திணைக்களம் 1900-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பழைய குளங்களை ஆராய்ந்தவரும், 1909-இற் பண்டைய இலங்கை பற்றி நூல் வெளியிட்டவருமாகிய எஞ்சினியர் பாக்கர் துரை முன்னரே வகுத்திருந்த எண்ணத்தைப் பின்பற்றி, 1902-இல் இரணைமடு வேலை தொடங்கிற்று. கனகராயன் ஆற்றை மறித்து எழுந்த அக்கட்டு 1920-ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. ஏறக்குறைய நாற்பதாயிரம் ஏக்கர் அடி நீரைக் கொள்ளுங் குளம் அது. பதினெட்டு ஆண்டு உழைப்பின் பயனாக நீர் வந்தது. ஆனால் நீரைத் தொடர்ந்து மக்கள் உடனே வந்துவிடவில்லை. காட்டுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சாது வந்து நிலைப்பதற்கு ஏழைக் கமக்காரனுக்குக் காணி உறுதி வேண்டும், வீடு வேண்டும், வழி வேண்டும், மருந்து வேண்டும். நீர் மாத்திரம் போதாது என்பதே இரணைமடு கற்பித்த முதற் பாடம்.

அப்பாடத்தைக் கற்றபின் செய்த செயல் வேறு. 1935-இற் காணி அபிவிருத்திச் சட்டம் வந்தது. 1936-இற் கிளிநொச்சிக் குடியேற்றம் ஆரம்பமாயிற்று. யாழ்ப்பாணத்தில் நிலமின்றியும் வேலையின்றியும் இருந்தோர் இங்கு வந்து காடு வெட்டினர். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளிலிருந்து குளக்கட்டு படிப்படியாக உயர்த்தப்பட்டு, 1977-ஆம் ஆண்டளவில் அதன் கொள்ளளவு ஒரு இலட்சத்து ஆறாயிரம் ஏக்கர் அடியைத் தாண்டிற்று. இன்று பெரும்போகத்தில் இருபதாயிரம் ஏக்கரளவு வயலுக்கு அது உயிர். ஒரே குளந்தான், ஆனால் ஒரே முயற்சியன்று. ஒவ்வொரு முறையும் முந்திய முறை எங்கே குறைந்தது என்று அளந்து பார்த்தே அடுத்த மண் போடப்பட்டது.

இனிக் காய்ச்சலின் கதையைக் கேளுங்கள். அது வெற்றியின் ஆபத்தைக் கூறுங் கதை. 1940-களின் நடுப்பகுதியில் டீ. டீ. ரி. என்னும் மருந்து இலங்கையில் வீடு வீடாகத் தெளிக்கப்பட்டது. வன்னி போன்ற வரண்ட நிலங்களில் மக்கள் துணிந்து குடியேறியமைக்கு இதுவும் பெருங் காரணம். 1963-ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் பதினேழு பேர் மாத்திரமே. பகை ஒழிந்தது என்று எண்ணித் தெளிப்பை நிறுத்தினர், கண்காணிப்பும் தளர்ந்தது. விளைவு என்ன? 1967-க்கும் 1969-க்கும் இடையில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அக்காய்ச்சல் மீண்டும் பற்றியது. அதுமட்டுமன்று, நுளம்பு பழைய மருந்துக்குப் பழகியும் விட்டது. முன் செய்ததையே மீண்டுஞ் செய்வதாற் பயனில்லாதுபோகவே, 1970-களில் மருந்தை மாற்ற வேண்டியதாயிற்று.

பின்னர் அவ்வேலையிற் சோர்வு நிகழவில்லை. போர் நடந்த காலத்திலுங்கூட வட பகுதியிலே நுளம்பு ஒழிப்புப் பணி முற்றாகக் கைவிடப்படவில்லை. 2012-ஆம் ஆண்டின் பின்னர் உள்நாட்டிலே பரவிய மலேரியா இல்லாதுபோயிற்று. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. எம் பாட்டன்மாரை விரட்டிய காய்ச்சலை இன்று வன்னிக் குழந்தைகள் அறியார். ஆயினும் வெளிநாடுகளிலிருந்து அது திரும்பி வராதவாறு கண்காணிப்பு நடந்துகொண்டே இருக்கின்றது. பதினேழு பேர் என்ற அந்த எண்ணைச் சுகாதாரப் பகுதியார் மறக்கவில்லை என்பதே இதன் பொருள்.

எல்லாத் தோல்விகளுக்கும் இவ்வாறு விடை கண்டுவிட்டோம் என்று கூறுவதற்கில்லை. 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிலே படித்த வாலிபர் திட்டங்கள் தோன்றின. உத்தியோகத்துக்குக் காத்திருந்த இளைஞர் மண்வெட்டி எடுத்தனர். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டிருந்தமையால் அவர்களுடைய விளைவுக்கு நல்ல விலை கிடைத்தது. 1977-இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. பலருடைய உழைப்பும் அதனோடு விழுந்தது. இது கமக்காரர் செய்த பிழையன்று. எனினும் அதிலும் ஒரு பாடம் உண்டு. வேறொருவர் திறக்கவும் மூடவும் வல்ல ஒரு கதவையே நம்பி முழு வாழ்வையும் வைத்தல் ஆகாது. விளைவிப்பதோடு நில்லாது, சேமித்து வைத்தலையும், பதனிடுதலையும், கூடி விற்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும். அறுவடை நாளில் நெல்லின் விலை சரிவதை ஆண்டுதோறும் பார்த்து நிற்கும் நாம் இப்பாடத்தை இன்னும் செவ்வனே கற்கவில்லை.

அதன்பின் வந்த போரைப் பற்றி இங்கு விரித்தல் வேண்டா. அதனை அறியாத வீடு இம்மண்ணில் இல்லை. 1996-இற் கிளிநொச்சி பெயர்ந்தது. 2008-இலும் 2009-இலும் வன்னியே பெயர்ந்தது. அவ்விழப்பைப் பாடம் என்று சொல்ல எமக்கு நாக் கூசுகின்றது. இழந்த உயிர்களுக்கு எந்தப் பாடமும் ஈடாகாது. ஆனால் திரும்பி வந்த எம் பெற்றோர், கண்ணிவெடி அகற்றிய காணியிலே கூடாரமடித்து, அடுத்த பெரும்போகத்துக்கு விதை நெல் தேடினார்களே, அதனைச் சொல்லாதிருக்கவும் முடியாது. 1990-இற் கிளிநொச்சியிலே தொடங்கப்பட்டுப் போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்த பல்கலைக்கழக விவசாய பீடம் அறிவியல் நகருக்கு மீண்டது. வவுனியா வளாகம் 2021-இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. எம் தமையன்மாருக்குத் தொலைவில் இருந்த கல்வி எமக்குக் குளத்தடியிலேயே கிடைக்கின்றது.

இரணைமடுவும் திருத்தப்பட்டது, கட்டு மேலும் உயர்ந்தது. இனிக் கவலையில்லை என்று இருந்தவேளை, 2018 டிசெம்பர் 21-ஆம் திகதி இரவு பெருமழை பெய்தது. குளம் நிரம்பி, வான்கதவுகளினூடாகப் பாய்ந்த வெள்ளம் கீழேயிருந்த ஊர்களையும் வயல்களையும் மூடிற்று. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. கதவுகள் திறக்கப்பட்ட நேரத்தைப் பற்றி வினாக்கள் எழுந்தன, விசாரணையும் நடந்தது. நீர் இல்லாமையைப் பெருந் தோல்வியாக எண்ணி உயர்த்திய கட்டே, நீர் மிகுந்தபோது வேறொரு வினாவை எம்முன் வைத்தது. சேர்த்து வைக்கக் கற்றவர்கள் உரிய காலத்திலே திறந்துவிடவும், கீழே இருப்பவர்க்கு முன்னரே சொல்லவும் கற்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதுவதன் நோக்கம் பழங்கதை பேசுவதன்று. எம்முட் பலர் உயர்தரப் பரீட்சை முடிவைக் கையிலே வைத்துக்கொண்டு, வாழ்வே முடிந்துவிட்டது போல முற்றத்திற் குந்தியிருந்தவர்கள். வேறு சிலர் கடன் வாங்கித் தொடங்கிய சிறு தொழில் நட்டப்பட, வெளிநாடு செல்வதொன்றே வழி என்று எண்ணுபவர்கள். அவர்களைப் பார்த்து, “எல்லாம் விதி, தம்பி” என்று ஆறுதல் கூறும் பெரியோர்களின் அன்பை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அவர்களிடம் வணக்கத்துடன் ஒன்று கேட்கின்றோம். காரணத்தைத் தேடிப் பார்த்த பின்னர் விதி என்று சொல்லலாம். தேடுவதற்கு முன்னரே சொல்லிவிட்டால், அச்சொல் தேடலுக்குப் போட்ட பூட்டாகிவிடாதா? வன்னியின் காய்ச்சலையும் ஒருகாலத்தில் விதி என்றே சொன்னார்கள். அது நுளம்பு என்று கண்ட பின்னரே அதனை வெல்ல முடிந்தது.

ஆதலால் சங்கத்து இளைஞர்களே, நாம் ஒன்று செய்வோம். எமது ஆண்டறிக்கைகளிலே நடந்த விழாக்களும் பெற்ற பரிசில்களும் நிரல்படக் கூறப்படுகின்றன. நடவாது போனவை கூறப்படுவதில்லை. தொடங்கி நின்றுபோன இரவு வகுப்பு, நட்டு நீரூற்றாமற் பட்டுப்போன மரக்கன்று, கூட்டமில்லாது கலைந்த சிரமதானம் ஆகியவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம். எது தவறிற்று, ஏன் தவறிற்று, அடுத்த ஆண்டு எதனை மாற்றிச் செய்வோம் என்ற மூன்று வரிகளை ஒவ்வொன்றுக்கும் எழுதுவோம். எவரையும் குற்றஞ் சாட்டுவதற்கன்று. கட்டு எங்கே கசிகின்றது என்று காண்பதற்கே. ஐப்பசி மழைக்கு முன்னர் வாய்க்காலைத் துப்புரவு செய்யும் கமக்காரன் மழையோடு கோபித்துக்கொள்வதில்லை. சென்ற ஆண்டு நீர் எங்கே உடைத்தது என்று நினைவு வைத்து, முதல் மண்ணை அங்கே போடுகின்றான். நாமும் அவ்வாறே தொடங்குவோமாக.