பத்துக்கு மேல் ஆகாது!

2007-ம் வருசம். தாராபுரம் அப்போது ஈரோடு மாவட்டத்தில் இருந்தது (திருப்பூர் மாவட்டம் 2009-ல்தான் வந்தது). அந்த ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் வாட் வரி. நான் வேலை பார்த்த கணக்கு எழுதும் ஆபீஸில் கூட்டம் அள்ளியது. எட்டு கம்ப்யூட்டர் பன்னிரண்டாக ஆனது. அதில் ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனல் போட்டு, எல்லாருடைய ஃபைலையும் வைத்து ஷேர் செய்திருந்தோம். எங்களுக்கு அதுதான் 'சர்வர்' :)

மறுநாளே தொல்லை ஆரம்பம். கடைசியாக வருகிற ஆளுக்கு ஃபைல் திறக்காது. இதற்கு மேல் இணைப்பு தர முடியாது என்று ஒரு செய்தி வரும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே திறக்கும். இன்றைக்கு ஒருத்தருக்கு, நாளைக்கு இன்னொருத்தருக்கு.

சிஸ்டம் சர்வீஸுக்கு வரும் தம்பியைக் கூப்பிட்டு, "கேபிள் ஒழுங்கா போட்டியாடா?" என்று எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டேன். "கேபிள்ல ஒண்ணுமில்லீங்ணா, டெஸ்டர் வெச்சு வேணா காட்டறனுங்க" என்றான். நான் கேட்கவில்லை. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து அத்தனை கேபிளையும் மாற்றினான். காசும் வாங்கவில்லை. தொல்லையும் போகவில்லை.

விசயம் கேபிளில் இல்லை, லைசென்ஸில் இருந்தது. எக்ஸ்பி புரொஃபஷனலோடு ஒரே நேரத்தில் மற்ற கம்ப்யூட்டர்கள் 10 மட்டுமே இணையலாம். ஹோம் பதிப்பு என்றால் 5. எங்களுக்கோ 11. சும்மா கிடக்கும் இணைப்பை அது 15 நிமிடத்தில் வெட்டிவிடும். 'தானாகத் திறந்த' ரகசியம் அதுதான். (சர்வீஸ் பேக் 2-ல் 2004-ல் வந்த இன்னொரு 'பத்து' உண்டு. அது வெளியே போகும் அரைகுறை இணைப்புகளுக்கானது. அதைத் திருத்தும் பேட்ச் போட்டு நானும் ஏமாந்தேன்.)

இந்தப் பத்து எங்கிருந்து வந்தது? 1996-க்குப் போக வேண்டும். விண்டோஸ் என்.டி. 4.0 ஒர்க்ஸ்டேஷனின் சோதனைப் பதிப்பில், பத்து நிமிடத்துக்குள் பத்து ஐ.பி. முகவரிக்கு மேல் இணைய முடியாது என்று மைக்ரோசாஃப்ட் வைத்தது. பதிப்பாளர் டிம் ஓ'ரெய்லி எதிர்த்தார். நிரலிலிருந்து அந்தத் தடையை எடுத்தார்கள், ஆனால் லைசென்ஸ் தாளில் பத்து அப்படியே நின்றது. ஃபைல் ஷேரிங்கிலும் பத்துதான். அதே வருசம் ஆண்ட்ரூ ஷுல்மனும் மார்க் ரஸ்ஸினோவிச்சும் ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள்: ஒர்க்ஸ்டேஷன், சர்வர் இரண்டுக்கும் கர்னல் ஒன்றே. ரெஜிஸ்ட்ரியில் உள்ள ஒன்றிரண்டு மதிப்பைப் பார்த்துத்தான் தான் யார் என்று அது முடிவு செய்கிறது. சர்வரோடு கூடுதல் மென்பொருள்கள் வருகின்றன என்பது மைக்ரோசாஃப்டின் பதில். அதுவும் உண்மைதான். ஆனால் பத்து என்பது இயந்திரத்தின் சக்தி இல்லை, விற்பனைக்குப் போட்ட வேலி.

வேலிக்கு வெளியே ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைக் கவனித்தே அந்த மொழியைப் புரிந்துகொண்டு, 1992-ல் ஒரு இலவச நிரல் வெளியிட்டார். அதுதான் பிறகு 'சாம்பா'. 2004-ல் ஐரோப்பிய ஆணையம் அந்த நெறிமுறை விவரங்களைக் கொடுக்கச் சொன்னது. நீதிமன்றமும் 2007 செப்டம்பரில் அதை உறுதி செய்ய, டிசம்பரில் 10,000 யூரோ கட்டி சாம்பா குழு ஆவணங்களைப் பெற்றது.

நாங்களும் மூலையில் கிடந்த பழைய பென்டியம்-3-ல் லினக்ஸும் சாம்பாவும் போட்டோம். அதன் அமைப்புக் கோப்பில் 'மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்' என்று ஒரு வரி உண்டு. ஒன்றும் எழுதாவிட்டால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் வரம்பில்லை என்று அர்த்தம்! பதினோரு பேரும் வேலை பார்த்தார்கள்.

போட்டுக் கொடுத்தது அதே தம்பிதான். கேபிள் காசையும் சேர்த்துக் கொடுத்தேன். "தப்பு எம்மேலதான்" என்று, இந்தமுறையும் எல்லார் முன்னாடியும் சொன்னேன். "விடுங்ணா, எனக்கும் அப்பத் தெரியலீங்களே" என்று சிரித்தான்.

விண்டோஸ் 7-ல் (2009) பத்து இருபதாயிற்று. 10, 11-லும் இருபதுதான். உங்கள் ஆபீஸில் இருபத்தோராவது ஆளுக்கு ஃபைல் திறக்கவில்லை என்றால், கேபிள் போட்ட பையனைத் திட்டுவதற்கு முன்னால் லைசென்ஸைப் படியுங்கள் சாமி!