புழுங்கலரிசி காத்த நெஞ்சு

வயிற்றுக் கோளாறு என்று மருத்துவரை நாடுவோரிடம் சிலபோது இருதய நோய் காணப்படுவதுண்டு. மேல்வயிறு, இருதயம் ஆகியவற்றுள் ஒன்றன் நோவு மற்றொன்றனுடையதாகத் தோன்றுவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை வாட்டிய பெரிபெரி இதற்குத் தக்க சான்று. அந்நோய் முற்றிய சிலருக்கு மேல்வயிற்றில் இறுக்கமும் வாந்தியும் உண்டாகும். ஆராய்ந்தால் இருதயம் விரிந்து தளர்ந்திருக்கும்.

ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பல்லாயிரவர் இதற்கு இரையாயினர். தோட்டத்துத் தமிழரோ பெரும்பாலும் தப்பினர். நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராடன், இவ்வேறுபாட்டின் காரணத்தை உணவில் கண்டார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. ஆயினும் பச்சரிசியில் நஞ்சு சேர்கிறது என்று அவர் கருதியது பொருந்தவில்லை.

1907இல் அம்மாநிலத்து ஜெலுபு வட்டாரத்தில், பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், சாலை வேலை செய்த ஜாவானியர் 300 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். பச்சரிசி உண்ட பிரிவிலேயே பெரிபெரி தோன்றியது. தீட்டும்போது தவிட்டோடு கழியும் சத்தின் குறையே காரணம் என்று பின்னர் அவர்கள் நிறுவினர். அச்சத்தே இன்று பி1 வைட்டமின் எனப்படுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது அரிசியினுள் இறங்கித் தங்குகிறது.

காரணம் அறியாமலே தமிழர் பேணிய உலைவழக்கம் அவர்தம் நெஞ்சைக் காத்தது. வயிற்று நோவை வயிற்றோடு மட்டும் நிறுத்தி எண்ணலாகாது என்பதும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.