கழுத்தும் சந்தியும்

இரு பெருநிலங்களை இணைக்கும் ஒடுங்கிய நிலக்கீற்றைத் தமிழில் பூசந்தி என்கிறோம். ஆங்கிலத்தில் ‘இஸ்த்மஸ்’. கிரேக்க ‘இஸ்த்மோஸ்’ அதன் மூலம். கிரேக்கர்க்கு அச்சொல் சுட்டிய தலையாய இடம், பெலொப்பொனேசை வடபுலத்தோடு பிணைக்கும் கொரிந்துப் பூசந்தியே.

பிளேட்டோ தமது ‘திமேயுஸ்’ உரையாடலில் இச்சொல்லை உடலுக்குக் கொண்டு வருகிறார். தலையில் உறையும் தெய்விக ஆன்மாவை மார்பில் உறையும் அழிவுடைய ஆன்மா மாசுபடுத்தாதிருக்க, இடையே கழுத்து என்னும் இஸ்த்மோஸ் வைக்கப்பட்டதாம். இணைப்பதற்கன்று, விலக்கி வைப்பதற்கு! நாமோ அதையே சந்தி என்றோம். வடசொல்தான்; ஆயினும் புணர்ச்சி இலக்கணம் பயின்ற செவிக்கு அந்நியமன்று.

இணைப்பு ஒருவர்க்குப் பாலமெனில் மற்றவர்க்குத் தடை. கொரிந்தில் கப்பல்களைத் தரைமேல் இழுத்துச் செல்ல ‘டியோல்கோஸ்’ என்னும் கல் பாவிய தடத்தைப் பண்டே அமைத்தனர். கி.பி. 67இல் நீரோ கால்வாய் வெட்டத் தொடங்கினான். யூதப் போரில் சிறைப்பட்ட இளைஞர் 6,000 பேர் அங்கு அனுப்பப்பட்டதாக யோசேபஸ் எழுதுகிறார். மறு ஆண்டே நீரோ மாண்டான், வேலையும் நின்றது. 1893இல்தான் கால்வாய் திறக்கப்பட்டது. நீளம் 6 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அகலம் ஏறத்தாழ 25 மீட்டரே ஆதலால் இன்றைய பெருங்கப்பல்கள் நுழைய இயலா. பனாமாவிலோ அமெரிக்கர் தோண்டிய 1904–1914 காலத்தில் மட்டும் பதிவான சாவுகள் 5,600க்கும் மேல். வரலாற்று நூல்கள் பொறியாளர் பெயரையே பெரிதும் நினைவில் வைத்துள்ளன.

நம் தொண்டையிலும் ஒரு சந்தி உண்டு. தைராய்டு சுரப்பியின் இரு மடல்களையும் இணைக்கும் மெல்லிய திசுப்பட்டைக்கு மருத்துவர் இட்ட பெயரும் இஸ்த்மஸே. அது மூச்சுக்குழலின் இரண்டாம், மூன்றாம் வளையங்களை ஒட்டிக் குறுக்கே கிடக்கிறது. மூச்சுத் திணறுவோர்க்குக் குழலில் துளையிடும்போது அறுவை மருத்துவர் அதை விலக்குவர், வேண்டின் வெட்டுவர். ஆங்கே கப்பலுக்கு வழி, ஈங்கே மூச்சுக்கு.

இன்றுவரை வெட்டப்படாத பூசந்தி தாய்லாந்தின் கிரா. மிகக் குறுகிய இடத்தில் சுமார் 44 கிலோமீட்டர். கால்வாய்த் திட்டங்கள் பல எழுந்து அடங்கின. அதற்குத் தெற்கே, மேலைக் கரையில், தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அங்கே தமிழர் தோண்டியது கால்வாயன்று, குளம். நாங்கூர் உடையான் ஒருவன் தொட்ட அக்குளத்தின் பெயர் அவனிநாரணம். மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் விருதுப்பெயர் அது. மணிக்கிராமத்து வணிகரும் சேனாமுகத்தாரும் குளத்துக்குக் காவல் என்கிறது அக்கல்.