ஏடெடுத்த மலைமகன்

பேளுக்குறிச்சிச் சந்தையிலே கொல்லிமலை மிளகு குவிகிறது. வாங்குவோர் வாயிலிட்டுக் காரம் பார்க்கின்றனர், விலை பேசுகின்றனர், மூட்டை கட்டுகின்றனர். மலையின் மிளகு கீழே இறங்கி நெடுங்காலமாயிற்று. மலையின் எழுத்து இறங்கியதா?

புலவர் பாடாத மலையா அது! வல்வில் ஓரியின் கொடையை வன்பரணர் பாடினார். கொல்லிப்பாவையின் எழிலைச் சங்கப் புலவர் பலர் உவமையாக்கினர். காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரர்க்கு ஈந்தான் என்று அகநானூறு செப்புகிறது. வென்றவன் ஈந்தான், வேந்தன் பெற்றான். அம்மலையிலே தினை விதைத்தவனை ஒரு சொல் கேட்டார் உண்டோ?

பின்னர் வந்தது வெள்ளையர் ஆட்சி. 1909இல் எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளிலே அடுக்கி வைத்தார். அங்கே மலையாளிப் பழங்குடியினரும் உளர். (கேரளத்தாரென மயங்க வேண்டா, இவர்கள் பேசுவது தமிழே.) காஞ்சியிலிருந்து மூதாதையர் வந்தனர் என்று அவர்கள் சொல்லும் கதையையும் அவர் குறித்துவைத்தார். தலையளவும் மூக்களவும் எடுத்துத் திரிந்தவர் அவர். அளந்தவர் கையிலேதான் எழுதுகோலும் இருந்தது!

நாமக்கல் வட்டாரத்து எழுத்தாளர் கு. சின்னப்ப பாரதி, 1985இல் 'சங்கம்' எனும் நாவலைத் தந்தார். கொல்லிமலை மக்கள் சுரண்டப்பட்டதையும், அவர்கள் ஒன்றுகூடி நிமிர்ந்ததையும் சொன்ன நூல் அது. நன்றிக்குரிய நூல். எனினும் அவர் கீழிருந்து மலையேறிய தோழர்.

மலைக்குள்ளிருந்தே ஒருவர் எழுதினால் எப்படியிருக்கும்? விடை அண்டை நாட்டிலே கிடைத்தது. இடுக்கி மாவட்டத்துக் குடயத்தூரில், மலை அரயர் குடியில் 1940இல் பிறந்தவர் நாராயன். அஞ்சல் துறையிலே பணியாற்றியவர். பழங்குடியினரை அரக்கராகவும் அறிவிலிகளாகவும் தீட்டிய கதைகளைப் படித்துக் கொதித்தவர். 'நாங்கள் இப்படியல்லர்' என்று மறுப்பறிக்கை விடவில்லை, நாவல் எழுதினார். 1998இல் வெளிவந்த 'கொச்சரேத்தி' அது. வட்டிக்காரனிடமும் அலுவலரிடமும் ஏமாறும் அரயர் குடும்பம். படித்து அரசுப் பணி பெற்றுப் பெற்றோரைவிட்டு விலகிப் போகும் மகள். மலையைச் சொர்க்கமாக்கிக் காட்டவுமில்லை, கல்வி எல்லா நோவையும் தீர்த்துவிடுமென்று முழங்கவுமில்லை. கல்வி, கல்வி என்று மேடைதோறும் பேசிய நாமே நின்று கேட்கவேண்டிய இடம் இது. 1999இல் கேரள சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 2011இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து கல்லூரிகளுக்குள் நுழைந்தது.

கல்லூரிக்குள் நுழைவதென்றால் தேர்வுக்கு வினாவாவது மட்டுந்தானா? அமெரிக்காவிலே வேறொரு வழக்கம் உண்டு. 1998இல் சியாட்டில் நகர நூலகத்தார், ஊரார் அனைவரும் ஒரே நூலைப் படித்துக் கலந்துரையாடும் முயற்சியைத் தொடங்கினர். பல பல்கலைக்கழகங்களும் இவ்வழியே செல்கின்றன. மாணவரும் ஆசிரியரும் ஊராரும் ஒரு நூலைப் படித்து முடித்தபின் அதன் ஆசிரியரை அழைக்கின்றனர். செயன், அரபாகோ பழங்குடிகளைச் சேர்ந்த டாமி ஆரஞ்சு இவ்விதம் பல வளாகங்களுக்கு அழைக்கப்பட்டவர். 2018இல் வந்த அவரது முதல் நாவல், ஓக்லாண்ட் நகரத்தில் வாழும் பழங்குடியினரைப் பற்றியது. இறகுமுடியும் குதிரையும் தேடிப் போன வாசகனுக்கு அவர் பேருந்தையும் தொடர்வண்டியையும் காட்டினார்! படித்துவிட்டு வந்த கூட்டம் அவரைக் காட்சிப்பொருளாகக் காண இயலாது. கேள்வி கேட்கலாம், மறுக்கலாம், அவரும் திருப்பிக் கேட்கலாம்.

நமக்கும் இது முற்றிலும் புதிதன்று. படிப்பகத் திண்ணையிலே ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர் சூழ்ந்திருந்து கேட்டதும், கேட்டதை விவாதித்ததும் இந்நாட்டு வரலாறே. அந்தத் திண்ணையைக் கல்லூரிக்குள் கொண்டு சென்றால் போதும்.

நாராயனும் சின்னப்ப பாரதியும் 2022ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டனர். அவர்களை இனி அழைக்க இயலாது; நூல்கள் இருக்கின்றன. நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலே ஒரு பருவம் 'சங்க'த்தை எடுக்கலாம், மறுபருவம் 'கொச்சரேத்தி'யை எடுக்கலாம். 'எங்கள் மலையை இவர் சரியாகத்தான் எழுதினாரா?' என்று தீர்ப்புரைக்கும் இருக்கையில் கொல்லிமலை மாணவியை அமர்த்தவேண்டும். இதுவரை விழா மேடைகளிலே மலைப்பிள்ளைகளுக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் ஆடும் இடமே. ஆடித் திங்களிலே அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவில், ஒரு மாலைப்பொழுதை இந்த வாசிப்புக்கு ஒதுக்குவது பெருஞ்செலவன்று. மலைப்பிள்ளை தானே எழுதியதைப் படித்துக்காட்ட முன்வந்தால், அம்மாலையின் முதற்பொழுது அவருக்கே உரியது.