ஒளியில் பிடித்தால் தெரியும் குறி

பாலாற்றங்கரைத் தோல் ஊர்களில் பங்குப்பணி ஆற்றுவோர்க்கு இரண்டு காரியங்கள் விரைவில் பழகிவிடும். ஒன்று, சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்து காற்றில் வரும் வாடை. மற்றொன்று, நான்காக மடித்த ஒரு தாளைக் கையில் பிடித்தபடி பங்கு அலுவலக வாசலில் வந்து நிற்கும் மக்கள். பள்ளிக்கூடத்தின் பக்கம் போகாமலே தோல் பதனிடும் வேலைக்குப் போய்விட்ட தலைமுறையினர் இங்கே பலர் உண்டு. தாங்கள் எந்த ஆண்டில் பிறந்தோம் என்பதற்கு அவர்களில் பலருக்குத் திருமுழுக்குப் பதிவேடு ஒன்றே ஆதாரம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூர்ப் பகுதியிலிருந்து அத்தகைய முதியவர் ஒருவர் வந்தார். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கைரேகையும் தேய்ந்துபோனவர். ஓய்வூதியத்துக்காக அவர் கொடுத்திருந்த திருமுழுக்குச் சான்றிதழின் படியை அலுவலகத்தார் ஐயத்தோடு திருப்பி அனுப்பியிருந்தனர். நமக்கு முன் பணியாற்றிய பங்குத்தந்தையின் கையொப்பம் அதில் இருந்தது. ஆலய முத்திரையும் இருந்தது. பதிவேட்டைத் திறந்து ஒப்பிட்டபோதுதான் பிறந்த ஆண்டில் இரண்டு ஆண்டு வேறுபாடு தெரிந்தது. இடைத்தரகர் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு, உண்மைச் சான்றிதழைக் கணிப்பொறியில் ஏற்றி, ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றி அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். சீக்கிரம் பணம் வரும் என்று சொன்னாராம். எழுத்தறியாத பெரியவர் தம் கையில் இருப்பது மெய்யான தாள் என்றே நம்பியிருந்தார். இப்போது அவருக்கு நியாயமாக வரவேண்டியதும் நின்றுபோயிற்று.

பதிவேட்டை மூடுமுன் அந்தப் பழைய பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். மைக்குப் பின்னால், தாளின் உடலிலேயே, ஒரு கிரீடமும் சில ஆங்கில எழுத்துகளும் மங்கலாகத் தெரிந்தன. தாள் செய்தவரின் நீர்க்குறி அது. இத்தகைய குறி ஒன்று சான்றிதழ்த் தாளிலும் இருந்திருந்தால் தரகரின் வேலை அவ்வளவு எளிதில் முடிந்திராது என்று தோன்றியது. இக்கட்டுரைக்கு அதுவே வித்து.

நீர்க்குறியை நாம் எல்லோரும் அறிவோம். கடைக்காரர் நூறு ரூபாய்த் தாளை வாங்கியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாரே, அவர் தேடுவது அதைத்தான். 1996-இல் வெளிவரத் தொடங்கிய மகாத்மா காந்தி வரிசைத் தாள்களில் காந்தியடிகளின் முகம் நிழலும் ஒளியுமாக அங்கே தெரியும். அது அச்சிடப்பட்டதன்று. தாள் கூழாக இருக்கும்போதே சில இடங்களில் நார் மெல்லியதாகவும் சில இடங்களில் தடித்தும் படியும்படி செய்யப்படுகிறது. முற்காலத்தில் கம்பியை ஓர் உருவமாக வளைத்து, கூழை அள்ளும் சல்லடைச் சட்டத்தின்மீது தைத்துவிடுவார்கள். கம்பி இருந்த இடத்தில் தாள் மெலியும். மெலிந்த இடத்தில் ஒளி புகும்.

இக்கலை பிறந்த இடம் இத்தாலியிலுள்ள ஃபாப்ரியானோ என்னும் சிற்றூர். காலம் 13-ஆம் நூற்றாண்டு. இங்கேதான் நம் தோல் ஊர்களுக்கும் அந்த ஊருக்கும் எதிர்பாராத ஓர் உறவு தென்படுகிறது. அரபியரிடமிருந்து ஐரோப்பா கற்ற தாள், மாவுக் கஞ்சி தடவப்பட்டது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும். பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 1231-இல் பொது ஆவணங்களைத் தாளில் எழுதக் கூடாது, தோலில்தான் எழுதவேண்டும் என்று ஆணையிட்டார். ஃபாப்ரியானோவின் தொழிலாளர் கஞ்சியைக் கைவிட்டனர். தோல் பதனிடுவோர் கழித்துப்போட்ட ஓரத்துண்டுகளையும் சவ்வையும் கொதிக்கவைத்து எடுத்த பசையில் தாளைத் தோய்த்தனர். நம் ஊர்த் தச்சர்கள் மரம் ஒட்டுவதற்குக் காய்ச்சிய வச்சிரமும் இந்த இனத்துப் பசைதான். தாள் கெட்டியாயிற்று, மை ஊறிப் பரவவில்லை, நூற்றாண்டுகள் நின்றது. ஐரோப்பாவின் பத்திரங்களும் நூல்களும் இன்றுவரை பிழைத்திருப்பதில் தோல் தொழிலாளியின் கழிவுக்கும் பங்கு உண்டு. வரலாற்று நூல்கள் இதை ஒரே வரியில் தாண்டிப் போவது நமக்குச் சற்று உறுத்தலாகவே உள்ளது.

நல்ல சரக்கு வந்தால் போலிச் சரக்கும் பின்னாலேயே வரும். ஆகவே ஒவ்வொரு பட்டறையும் தன் தாளில் ஒரு குறியை வைக்கத் தொடங்கிற்று. அறியப்பட்ட மிகப் பழைய குறிகளுள் ஒன்று 1282-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; எளிய சிலுவை உருவம். 14-ஆம் நூற்றாண்டின் பெரும் சட்ட அறிஞரான சாசோஃபெராட்டோ ஊர் பர்த்தோலுஸ், சின்னங்களைப் பற்றிய தம் நூலில் ஃபாப்ரியானோத் தாள்களை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். எந்தத் தாள் எந்தப் பட்டறையது என்பது குறியால் அறியப்படுவதால், ஒருவரது குறியைப் பிறர் பயன்படுத்தாதபடி தடுக்கலாம் என்பது அவர் கருத்து. வாணிகக் குறிக்கு உரிமை கோரும் இன்றைய சட்டத்தின் மூதாதை அங்கே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பிரிக்கே என்பார் தம் வாழ்நாளைச் செலவிட்டு இத்தகைய குறிகளில் 16,112-ஐப் படியெடுத்து 1907-இல் வெளியிட்டார். ஆண்டு எழுதாத ஓர் ஏட்டின் காலத்தைக் கணிக்க அறிஞர்கள் இன்றும் அத்தொகுதியைப் புரட்டுகின்றனர்.

இடையில் ஒரு துறவியைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. ஜெர்மனியின் ஸ்பான்ஹைம் மடத்துத் தலைவர் யோவான் திரித்தேமியுஸ் (1462–1516). அச்சுப்பொறி பெருகிய காலத்தில், தோலில் கையால் எழுதியது ஆயிரம் ஆண்டு நிற்கும், தாளில் அச்சிட்டது இருநூறு ஆண்டு நிற்பதும் ஐயம் என்று வாதாடிய நூலாசிரியர் இவர். அந்த நூலை 1494-இல் அச்சிலேயே வெளியிட்டார் என்பது வேறு! மறைவாக எழுதும் கலையைப் பற்றி அவர் 1499 அளவில் எழுதிய நூல், ஆவிகளை ஏவும் மந்திர நூல் போலத் தோன்றியதால் 1609-இல் திருச்சபையின் தடைநூற் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் மூன்றாம் பகுதியும் மந்திரமன்று, எண்களில் ஒளித்த செய்தியே என்று அறிஞர் இருவர் தனித்தனியே கண்டுபிடித்தது 1990-களில்தான். ஒரு செய்தியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் மற்றொரு செய்தியை வைப்பது என்பது கணிப்பொறிக் காலத்தின் புதுமையன்று.

இங்கிலாந்து குறியைக் காக்கத் தூக்குக் கயிற்றை நாடியது. இங்கிலாந்து வங்கியின் நீர்க்குறியைப் போலி செய்வோர்க்கு மரணதண்டனை என்று 1773-இல் சட்டம் வந்தது. ஆயினும் போலிகள் நிற்கவில்லை. 1794-க்குப் பின் ஏற்றுமதித் தாளில் ஆண்டைக் குறியாக இடுவோர்க்கு வரிச் சலுகை கிடைத்தது. அதன் பயனாகக் கம்பெனிக் காலத்தில் நம் நாட்டு ஓவியர் தீட்டிய பல படங்களின் காலத்தை அடித்தாளின் நீர்க்குறி கொண்டே இன்று சொல்ல முடிகிறது. சட்டம் ஒன்றை எண்ணிச் செய்தது. குறி வேறொன்றுக்கு உதவிற்று.

இனி, தாளில்லாத தாளுக்கு வருவோம். தாளைப் படியெடுத்தால் படி சிறிது மங்கும். கணிப்பொறியில் உள்ள படமோ பாடலோ வெறும் எண்களின் வரிசை; ஆயிரமாவது படியும் முதற்படியைப் போலவே இருக்கும். அவ்வாறாயின் உரியவர் தம் பெயரை எங்கே பொறிப்பது? எண்களுக்குள்ளேயே பொறிக்கவேண்டும். இதற்கு முன்னோடி ஒலித்துறையில் உண்டு. அமெரிக்காவின் மியூசாக் நிறுவனத்தார் 1954-இல் ஒரு காப்புரிமை கோரினர். இசையில் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் விட்டுவிட்டு நீக்கி, அந்த இடைவெளிகளையே தந்தி எழுத்துகளாக்கி, தங்கள் அடையாளத்தைப் பாட்டுக்குள் வைத்தனர். ஆஸ்திரேலியாவில் டிர்க்கெல் முதலிய ஆய்வாளர் 1993-இல் மின்னணு நீர்க்குறி என்ற தலைப்பிலேயே கட்டுரை வெளியிட்டனர். 1997-இல் காக்ஸ் என்பாரும் அவருடைய குழுவினரும், குறியைப் படத்தின் மூலையில் ஒளிக்காமல், படத்தின் முக்கியமான கூறுகளெங்கும் மிகச் சிறு மாற்றங்களாகப் பரப்பிவிடும் முறையை விளக்கினர். குறியை அழிக்க முயன்றால் படமே கெடவேண்டும் என்பது கருத்து.

இதை விளங்கிக்கொள்ள நம் ஊர்க்காரர்க்கு அயல்நாட்டு நூல் தேவையில்லை. கூலிக்குப் பதனிடும் இடங்களில் பல முதலாளிகளின் தோல்கள் ஒன்றாக ஊறும். யாருடையது எது? மையால் எழுதினால் சுண்ணாம்பில் போய்விடும். சீட்டுக் கட்டினால் உருளையில் சுழலும்போது அறுந்துவிடும். ஆகவே தோலின் ஓரத்தில் துளைகளாகக் குறியிடுவார்கள். முடி போகும், சதை போகும், நிறம் மாறும், துளை போகாது. மின்னணுக் குறிக்கும் இதுவே சோதனை. படத்தைச் சுருக்கினாலும், ஓரத்தை வெட்டினாலும், அச்சிட்டு மீண்டும் படமெடுத்தாலும் குறி எஞ்சவேண்டும். வேறொரு வகையும் உண்டு: தொட்டாலே சிதையும்படி வேண்டுமென்றே மென்மையாக வைக்கப்படும் குறி. அது சிதைந்திருந்தால் யாரோ கைவைத்துள்ளனர் என்று பொருள். நம் பெரியவரின் சான்றிதழுக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டாம் வகை.

திருச்சபையும் இக்கலையில் தொடக்கத்திலேயே பங்குகொண்டது என்பதை நம் வாசகர் பலர் அறியார். 1990-களின் நடுவில் வத்திக்கான் நூலகம், ஐபிஎம் நிறுவனத்தாரோடு சேர்ந்து, தன் கையெழுத்துச் சுவடிகளைப் படமெடுத்து உலகெங்கும் உள்ள அறிஞர்க்குக் கணிப்பொறி வழியே அளிக்க முனைந்தது. அப்போது நூலகத் தலைவராயிருந்தவர் சாமிநாதர் சபையைச் சேர்ந்த அயர்லாந்துத் துறவி லியோனார்டு பாயில் அடிகளார். சுவடியைப் பூட்டிவைத்தால் படிப்பவர் இல்லை. திறந்துவைத்தால் எவரும் நகலெடுத்து விற்கலாம். இந்தச் சங்கடத்துக்கு ஐபிஎம் ஆய்வாளர் மின்ட்சரும் துணைவரும் கண்ட வழி, கண்ணுக்குத் தெரியும் நீர்க்குறி. நூலகத்தின் சின்னம் ஒவ்வொரு படத்தின்மீதும் மெல்லிய நிழலாகப் படிந்திருக்கும். நிறத்தை மாற்றாமல் ஒளியின் அளவை மட்டும் மாற்றினர். எளிதில் நீக்கமுடியாதபடி அம்மாற்றத்தில் ஒழுங்கின்மையையும் கலந்தனர். கீழேயுள்ள எழுத்தின் ஒரு புள்ளியும் அறிஞர் கண்ணுக்கு மறையவில்லை. வைத்திருப்பவர் அஞ்சாமல் கொடுக்கவும், பெறுபவர் எங்கிருந்து வந்தது என்பதை மறவாமல் இருக்கவும் வழிசெய்த குறி இது. காவலுக்கு என்று வைத்தது கொடைக்கு வாசலாயிற்று. 2014 முதல் ஜப்பானின் என்டிடி டேட்டா நிறுவனத்தின் துணையோடு இந்தப் படமெடுப்புப் பணி மேலும் விரிந்தது.

எல்லாம் வெற்றி என்று சொல்வதற்கில்லை. 2000-ஆம் ஆண்டில் இசை நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று, தங்கள் குறிகளை நீக்க முடிந்தால் நீக்கிப் பாருங்கள் என்று அறைகூவல் விடுத்தது. பிரின்ஸ்டன் பேராசிரியர் ஃபெல்டன் குழுவினர் சில வாரங்களில் நீக்கிக் காட்டினர். பின்னர் அந்த ஆய்வை வெளியிடக் கூடாதென்று வழக்கு மிரட்டல் வந்ததும், 2001 ஆகஸ்டில் அது வெளியானதும் தனிக்கதை. திரையரங்குகளில் நிலைமை சற்று மேல். படத்தில் மறைந்துள்ள குறி, அது எந்த அரங்கில் எந்த நேரம் காட்டப்பட்டது என்பதைச் சொல்லும். தமிழ்ப்பட உலகிலும் திருட்டுப் பதிவின் மூலத்தைத் தேட இம்முறை பயன்படுகிறது. 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் அரங்கில் பதிவு செய்வோர்க்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. ஆனால் குறி எந்தத் திருடன் கையையும் பிடித்து நிறுத்துவதில்லை. திருட்டு நடந்தபின் சாட்சி சொல்கிறது, அவ்வளவே.

அதே 2023 மார்ச் மாதத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் பருமனான வெள்ளைக் குளிர்ச்சட்டை அணிந்து நடப்பது போன்ற படம் உலகெங்கும் பரவிற்று. கணிப்பொறி தானே புனைந்த படம் அது. நம் பங்கிலும் நல்லவர்கள் சிலர் அதை மெய்யென்று நம்பிக் கைப்பேசியில் காட்டினர். அவ்வாண்டு ஆகஸ்டில் கூகுள் நிறுவனம், தன் செயற்கை அறிவு வரையும் படங்களில் கண்ணுக்குத் தெரியாத குறியை இடும் முறையை அறிமுகம் செய்தது. ஃபாப்ரியானோக்காரர் இது எம்முடையது, மெய்யானது என்று காட்டக் குறியிட்டனர். இப்போதோ இது புனைவு என்று காட்டக் குறியிட வேண்டியிருக்கிறது! குறியிடாத புனைவாளர்களை என் செய்வது என்பதற்கு விடை இன்னும் இல்லை.

பெரியவரின் காரியத்துக்குத் திரும்புவோம். அரசின் இ-சேவைச் சான்றிதழ்களில் இன்று சரிபார்க்கும் குறியீடு உண்டு. நம் பங்குச் சான்றிதழோ தாளும் மையும் முத்திரையுமே. பதிவேட்டில் உள்ள உண்மை ஆண்டையே எழுதி, தொகுதி எண், பக்க எண், வரிசை எண் மூன்றையும் குறித்து, நடந்ததை விளக்கும் கடிதம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தோம். அவர் தாளை வாங்கியதும், சற்றுமுன் நாம் செய்தது போலவே, அதைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

“சாமி, இதுல ஒண்ணும் தெரியலையே.”

“இதுல இருக்காதுங்க ஐயா. அவங்களுக்குச் சந்தேகம்னா இங்க வந்து பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்க.”

நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பதிவேட்டைத் திறந்து வைத்தோம். அவர் விரலால் வரியைத் தொட்டு, ஆண்டை இருமுறை படித்து, தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்.