ஒன்பது பாகை வானம் – அத்தியாயம் 6: மூன்றும் விழுந்த பிறகு

2008 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரம் முற்பகல் 11.34. பசிபிக் நடுவே, மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த குவாஜலின் பவளத்திட்டில், ஒமெலெக் என்ற குட்டித் தீவிலிருந்து ஃபால்கன் 1 என்ற தனியார் ராக்கெட் மூன்றாவது முறையாகக் கிளம்பியது. முதல் இரண்டு நிமிடத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. கீழ்க்கட்டின் எஞ்சின் அணைந்தது. மேல்கட்டு கழன்றது. கழன்ற வேகத்திலேயே கீழ்க்கட்டு பின்னாலிருந்து வந்து மேல்கட்டின் மேல் மோதியது. ஏற்றிச் சென்ற சிறு செயற்கைக்கோள்கள் கடலோடு போயின.

அவற்றில் நம்முடையது எதுவுமில்லை. ஆனால் இதே ராக்கெட்டை நம்பி, 180 கிலோ எடையுள்ள ஒரு செயற்கைக்கோள் மலேசியாவில் காத்திருந்தது. நாட்டின் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் பெயரைத் தாங்கிய ரசாக்சாட். 2006இல் ஒரு தோல்வி, 2007இல் ஒரு தோல்வி, இப்போது மூன்றாவது. ஒருமுறைகூடச் சுற்றுப்பாதையை எட்டாத ராக்கெட்டுடன் ஏன் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்? இதற்கு விடை தேட ஒமெலெக்கை விட்டு ஜொகூருக்கு வரவேண்டும்.

தஞ்சோங் பியாய் முனையில் நின்றால் நிலநடுக்கோடு ஒன்றேகால் பாகைத் தொலைவில்தான். மாநிலத்தின் வட எல்லையும் மூன்று பாகையைத் தாண்டாது. இந்த இடத்தில் வானம் எப்படியிருக்கும் என்று குளுவாங், சிகாமட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களைக் கேட்டாலே போதும். காலையில் வெயில், நண்பகலில் மேகம், மாலையில் மழை. மேகம் எப்போது விலகும் என்று யாராலும் சொல்ல முடியாது. துருவங்களைத் தொட்டுச் சுற்றும் லேண்ட்சாட் போன்ற செயற்கைக்கோள் ஒரே இடத்துக்குத் திரும்பிவர 16 நாள் ஆகும். அன்று மேகம் மூடியிருந்தால் இன்னொரு 16 நாள் காத்திருக்க வேண்டும். சென்ற வாரம் பார்த்த மலேசியச் செயற்கைக்கோள் தியுங்சாட்-1, 2000 செப்டம்பரில் பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து ஏறி, ஏறக்குறைய 65 பாகைச் சாய்வில் உலகைச் சுற்றியது. அதன் நேரத்தில் பெரும்பகுதி அடுத்தவர் நாடுகளின் மேல்தான் கழிந்தது.

ரசாக்சாட்டை உருவாக்கிய, அஹ்மட் சபிரின் அர்ஷாட் தலைமையிலான அஸ்ட்ரோநாட்டிக் டெக்னாலஜி நிறுவனத்தார் இந்த முறை வேறு கணக்குப் போட்டார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றினால் என்ன? உயரம் 685 கிலோமீட்டர், சாய்வு 9 பாகை. ஒரு சுற்றுக்கு நூறு நிமிடத்துக்கும் குறைவு. பூமியின் சுழற்சியைக் கழித்தாலும் நாளொன்றுக்கு 13, 14 முறை நம் வானத்தைக் கடக்கும். அவற்றில் பாதி பகல் வெளிச்சத்தில் வரும். காலையில் மேகம் மறைத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம். கறுப்பு வெள்ளையில் இரண்டரை மீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்துக் காட்டும் கேமரா. கட்டும் வேலையில் தென்கொரியாவின் சாட்ரெக் இனிஷியேட்டிவ் நிறுவனம் பங்காளி. இந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிப்பது இந்தத் துணிச்சலைத்தான். யாரோ வகுத்த பாதையில் இடம் கேட்காமல், நம் மழையையும் மேகத்தையும் பார்த்துப் பாதையை வகுத்தார்கள்.

இது எவ்வளவு தேவை என்பதை 2006 டிசம்பர் காட்டியது. ஜொகூர் வெள்ளத்தில் மூழ்கியது. கோத்தா திங்கியில் நீர் வடிந்து, மக்கள் வீடு திரும்பிச் சேறு கழுவிக்கொண்டிருக்கும்போதே ஜனவரியில் இரண்டாம் வெள்ளம் வந்தது. மாநிலத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். எந்தச் சாலை மூழ்கியிருக்கிறது, எந்தத் தோட்டம் தீவாகிவிட்டது என்று மேக இடைவெளியில் மேலிருந்து பார்க்கும் கண் அன்று இருந்திருந்தால்? அந்தக் கண் இன்னும் தரையிலேயே இருந்தது.

காரணம், பாதையை முடிவு செய்த கையோடு ராக்கெட்டுக்கான வழிகளும் சுருங்கிவிட்டன. ஓர் ஏவுதளம் எந்த அட்சரேகையில் இருக்கிறதோ, அதைவிடக் குறைந்த சாய்வில் நேரடியாகச் செலுத்த இயலாது. பைக்கோனூர் 46 பாகையில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே ஏவி, மேலே போனபின் பாதையை 9 பாகைக்குத் திருப்ப நொடிக்கு ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர் வேக மாற்றம் வேண்டும். சுற்றுவதற்கே வேண்டிய வேகம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர்தான். சிறு செயற்கைக்கோளுக்கு அது கட்டுப்படியாகாது.

ஒமெலெக்கின் அட்சரேகை 9 பாகை. நேர் கிழக்கே ஏவினால் வேண்டிய சாய்வு தானாக அமையும். பூமியின் சுழற்சியும் நொடிக்கு 450 மீட்டருக்கு மேல் இலவச வேகம் தரும். 13.7 பாகையில் இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருக்கிறதே என்று நம்மவர்கள் கேட்பது நியாயம். 2007 ஏப்ரலில் இத்தாலியின் அஜிலே செயற்கைக்கோளை பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அங்கிருந்து கொண்டுபோய், மேலே பாதையைத் திருப்பி, இரண்டரை பாகைச் சாய்வில் நிறுத்தியது உண்மைதான். ஆனால் அதற்குள் ரசாக்சாட் ஃபால்கன் 1 உடன் ஒப்பந்தமாகிவிட்டது. விலையும் சிறிய நாட்டின் கைக்கு எட்டுவது, 70 லட்சம் டாலர் அளவில்.

அந்த ராக்கெட் என்ன செய்தது? 2006 மார்ச் 24 அன்று உப்புக்காற்றில் அரித்துப்போன ஓர் அலுமினிய நட்டு எரிபொருளைக் கசியவிட்டது. தீப்பிடித்து, அரை நிமிடம் போல் பறந்து விழுந்தது. 2007 மார்ச் 21 அன்று விண்வெளியைத் தொட்டது. ஆனால் மேல்கட்டுத் தொட்டியிலிருந்த திரவம் தளும்பத் தொடங்கி, ராக்கெட் தன் பிடியை இழந்தது. மூன்றாவதன் காரணம் நுட்பமானது. புதிய மெர்லின் எஞ்சின், குளிர்விக்கும் குழாய்களில் தங்கிய எரிபொருளால், அணைத்த பிறகும் சிறிது நேரம் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தத் தள்ளல் கடல்மட்டக் காற்றழுத்தத்தைவிடப் பலவீனமானது. அதனால் தரையில் நடந்த சோதனை எதிலும் அது தென்படவே இல்லை. காற்றில்லாத உயரத்தில் அதுவே கீழ்க்கட்டை முன்னே தள்ளிவிட்டது.

பரிகாரம் ஒரே வரிதான். எஞ்சின் அணைந்ததும் இன்னும் சில நொடி பொறுத்துக் கழற்று. இரண்டு மாதம் ஆகுமுன், செப்டம்பர் 29 காலை நம் நேரம் 7.15 மணிக்கு நான்காவது ராக்கெட் கிளம்பியது. உள்ளே செயற்கைக்கோள் எதுவும் கிடையாது, 165 கிலோ எடையுள்ள உலோகப் பொதி மட்டும். ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது. தனியார் உருவாக்கிய திரவ எரிபொருள் ராக்கெட் ஒன்று அங்கே சேர்ந்தது அதுவே முதல் தடவை.

இனி நம் முறை. 2009 மார்ச் இறுதியில், சுபாங் விமான நிலையத்திலிருந்து ரசாக்சாட்டைச் சுமந்து சரக்கு விமானம் குவாஜலினுக்குப் புறப்பட்டது. ஏப்ரலில் ஏவுவதாக நாள் குறித்தாயிற்று. ஐந்தாவது ராக்கெட்டும் தீவில் தயாராக இருந்தது.

ஏவும் நாள் நெருங்கியபோது பொறியாளர்களின் கணக்கில் ஒரு முரண் தலைகாட்டியது. எஞ்சின் எரியும்போது ராக்கெட்டில் எழும் அதிர்வும், ரசாக்சாட்டின் உடல் தாங்கும் அதிர்வும் ஒத்துப்போகவில்லை என்ற ஐயம். அப்படியே ஏற்றினால், ராக்கெட் குறையில்லாமல் பறந்தும் கேமராவோ மின்சுற்றோ உள்ளேயே குலைந்துபோகலாம். மாற்றுச் செயற்கைக்கோள் கிடையாது. திருப்பி அனுப்பவும் மனம் வராது. ஏவுதல் நிறுத்தப்பட்டது.

ராக்கெட்டையும் மாற்ற முடியாது, செயற்கைக்கோளையும் மாற்ற முடியாது என்ற நிலையில், இரண்டுக்கும் நடுவிலிருந்த சில அங்குல இடத்தில் ஒரு வழி இருந்தது. அதை எப்படிக் கண்டார்கள், ஜூலை 14 அன்று ஒமெலெக்கில் என்ன நடந்தது?

(அடுத்த வாரம்)